11 வாரம், நான்கு தவறான பாகங்கள்: பழைய காரின் இன்ஜின் கோளாறைக் கண்டுபிடித்த அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். வயது 14, ஓடியது 1,60,000 கிலோமீட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். வாங்கிய இரண்டாவது மாதம் தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒரு நிமிடம் வண்டி நடுங்கும், ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்கத் தயங்கும். சூடேறியதும் சரியாகிவிடும். அதே வண்டி நெடுந்தூரம் ஓடிய பிறகு சில நாட்களில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இதைச் சரிசெய்ய 11 வாரம் ஆனது. ஸ்பார்க் பிளக்குகள், நான்கு இக்னிஷன் காயில்கள், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றியதில் காரை வாங்கிய விலையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. கடைசியில் கோளாறு இருந்தது விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்றிலும், கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றிலும். மாற்றிய நான்கில் ஒன்றுகூடக் காரணம் இல்லை.

பணத்தைவிட வலித்தது வேறு. ஒவ்வொரு முறையும் பாகம் மாற்றியதும் சில நாள் வண்டி ஒழுங்காக ஓடும், நம்பிக்கை வரும், பிறகு நடுரோட்டில் நிற்கும். மூன்றாவது தடவைக்குப் பிறகு சாவியைத் திருப்பவே பயம். சோதித்துப் பார்க்கத் தேவையான கருவிகள் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு கோட்களைப் படிப்பது), மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) ஆகிய மூன்றுதான். மூன்றும் சேர்ந்தே வீணாய்ப் போன பெட்ரோல் பம்பின் விலைக்கு வராது. இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் தவறு, கோட் நம்பரைக் காரணமாக எடுத்துக்கொண்டது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0171 என்று வந்தது. அதன் பொருள் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது மட்டுமே. அந்தத் தகவலை இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது எக்ஸாஸ்ட் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் என்பதால், அந்த சென்சாரே கெட்டுவிட்டது என்று மெக்கானிக்குகள் முடிவு கட்டினார்கள், மாற்றினோம். சென்சார் அதுவரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கோட் என்பது கோளாறு எங்கே தெரியவந்தது என்று சொல்லும். எங்கே பிறந்தது என்று சொல்லாது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), பி0303 என்றால் மூன்றாவதில், பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி. இவற்றுக்குப் பின்னால் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு, கேஸ்கெட் (இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் தகடு) என எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் கோட் படித்ததும் அழிக்காதீர்கள். அதோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவு இருக்கும். கோட் விழுந்த நொடியில் கூலன்ட் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, வண்டி எந்த வேகத்தில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் காட்டிய மெக்கானிக் கடையில் கோட்டைப் பார்த்தவுடனே அழித்துவிட்டார்கள். அங்கேயே இரண்டு வாரம் போயிற்று.

எளிய ஸ்கேனரிலேயே பார்க்கக்கூடிய, ஆனால் பலரும் பார்க்காத ஓர் எண் இருக்கிறது: ஃப்யூல் ட்ரிம். கணக்குப்படி விட வேண்டிய பெட்ரோலை இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. அந்தந்த நொடிக்கான திருத்தம் ஷார்ட் டெர்ம், பழகிப்போன திருத்தம் லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு மேலோ கீழோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம், 10 வரை பரவாயில்லை. இந்த வண்டியில் ஐடிலிங்கில் கூட்டல் 22 இருந்தது. அதோடு நிறுத்தாமல் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்துவைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இங்கே அது கூட்டல் 6-க்கு இறங்கியது. அந்த இறக்கத்திலேயே பதில் இருந்தது. எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. ரேஸ் செய்யும்போது மொத்தக் காற்று பல மடங்காகிவிடும், ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து வேகத்திலும் மேட்டிலும் ட்ரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. அப்போது ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர், இல்லையென்றால் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்த அழுக்கு என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில இன்ஜின்களில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரே இருக்காது, மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும்தான். அவற்றில் காற்று கசிந்தால் கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விட்டுவிடும். ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் மட்டும் உயரலாம்.

காலையில் மட்டும் ஏன் நடுக்கம் என்பதற்கும் விடை இதில்தான் இருந்தது. ஆக்சிஜன் சென்சார் சூடேறாமல் வேலை செய்யாது. அதுவரை கம்ப்யூட்டர் தன்னிடம் பதிந்திருக்கும் கணக்குப்படியே பெட்ரோல் விடும். கலவை கெட்டுப்போயிருப்பதை அப்போது அதற்குச் சொல்ல யாரும் இல்லை. போதாததற்குக் குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு அகலமாக இருக்கும். சென்சார் விழித்துக்கொண்டதும் திருத்தம் வந்துவிடும், நடுக்கம் மறைந்துவிடும். கோளாறு போய்விட்டதாகத் தோன்றுவது அதனால்தான். அதனால் காலைக் கோளாறைக் காலையில்தான் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டு போய்ச் சூடான வண்டியைக் காட்டினால் எந்த மெக்கானிக்கும் ஒன்றும் சொல்ல முடியாது. முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி ஸ்மோக் டெஸ்ட். இன்ஜினை அணைத்துவிட்டு இன்டேக்குக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை கசியும். இந்த வண்டியில் பத்து நிமிட வேலை. அதற்கு வசதி இல்லையென்றால் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக நுனி மழுங்கிய இடுக்கியால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். எதை அமுக்கும்போது ஐடிலிங் சட்டென்று சீராகிறதோ அந்தப் பக்கம் கோளாறு. பழைய பிளாஸ்டிக் குழாயை அமுக்காதீர்கள், உடைந்துவிடும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை மெல்லிய தூவலாக மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரமாக அடித்தாலும் ஒரு நொடி ஓட்டை அடைபட்டு சத்தம் மாறும். காயில், வயர் பக்கம் மட்டும் அடிக்கக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது எளிதில் தீப்பிடிக்கும், சூடான எக்ஸாஸ்டும் பொறி தெறிக்கும் வயரும் பக்கத்திலேயே இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கே தேடுவது என்றால், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், திராட்டில் பாடிக்கு முன்னால் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயின் மடிப்புகளுக்கு உள்பக்கம், இன்ஜெக்டரின் ஓ-ரிங், மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியைக் காற்றுப்பாதைக்குத் திருப்பி அனுப்பும் குழாய்). இங்கே அது பிசிவி ஹோஸின் வளைவில், மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. எண்ணெய் ஆவி பல வருடம் பட்டு ரப்பர் அப்பளம் போல நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தது.

ஆஃப் ஆகும் கோளாறுதான் இன்னும் கொடுமை. இங்கே நடந்த பெரிய தவறு, இரண்டு கோளாறுகளையும் ஒன்றாகவே நினைத்தது. ஒரு பாகம் மாற்றினால் ஒரு தொல்லை குறைந்தது போலவும் இன்னொன்று மிச்சம் இருப்பது போலவும் தோன்றும், மறுபடி குழப்பம். அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஒரு சின்ன நோட்டு. எட்டாவது வாரத்தில் எழுத ஆரம்பித்தது: தேதி, எவ்வளவு நேரம் ஓடியது, கூலன்ட் சூடு, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, மழையா வெயிலா, ஆஃப் ஆகும்போது தடுமாறி நின்றதா அல்லது சுவிட்சை அணைத்தது போல நின்றதா. பத்து நாளில் இரண்டு பட்டியல்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. காலை நடுக்கம் ஒரு நாள் தவறாமல் வந்தது. ஆஃப் ஆனது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடிய நாட்களில் மட்டும், ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்தது போல. இந்தக் கடைசிக் குறிப்பு முக்கியம். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் திக்கித் திணறி நிற்கும். தீப்பொறியும் பெட்ரோலும் ஒரே நொடியில் அறுந்தால் இப்படி வெட்டியது போல நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தக்கூடியவை கிராங்க் சென்சார், மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், எர்த் வயர் என்று ஒரு சிலவே.

கிராங்க் சென்சார் இன்ஜின் சுற்றுகிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அதன் உள்ளே இருக்கும் சுருளோ மின்னணுப் பகுதியோ வயதானால் சூட்டில் தொடர்பை இழக்கும், ஆறியதும் திரும்ப வேலை செய்யும். சென்சார் பேசாவிட்டால் இன்ஜின் சுற்றவில்லை என்றே கம்ப்யூட்டர் நினைக்கும், அதனால் பெட்ரோல் பம்பையும் ஓட விடாது. எங்களை ஏமாற்றியது இதுதான். நின்ற வண்டியில் செல்ஃப் அடித்துக்கொண்டே பம்பைக் கவனித்தார்கள், பம்ப் ஓடவில்லை, உடனே பம்ப் போச்சு என்றார்கள். சரியான முறை வேறு. செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டு வாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் சுமார் இரண்டு நொடி ஓடி நிற்கும், பின் சீட்டுப் பக்கம் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது கேட்டு, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஓடவில்லையென்றால் பம்பைச் சந்தேகிக்கும் முன் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பாருங்கள். செல்ஃப் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்க ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரோ அதன் வயரோ கனெக்டரோதான். நல்ல நிலையில் அங்கே 150 முதல் 250 வரை ஏதாவது ஓர் எண் வர வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் வண்டி நின்ற இடத்தில், ஆறுவதற்குள் செய்ய வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் ஆறிவிடும், எல்லாம் சரியாகவே காட்டும். ஸ்கேனரைக் காரிலேயே வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

புது சென்சார் போடும் முன் கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். எர்த் வயரையும் அப்போதே சோதித்துவிடலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தொட்டால் எர்த் வயரோ அதன் போல்ட்டோ கெட்டிருக்கிறது. பேட்டரி மட்டும் தனியாக 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர் சம்பந்தமில்லாத கோட்களை எல்லாம் கொட்டும்.

மிஸ்ஃபயர் கோட் வந்திருந்தால் காயில்களைப் புதிதாக வாங்குவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். கோட் பி0303-லிருந்து பி0301-க்கு மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையென்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். எதற்கும் கோட் நகரவில்லையென்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றும்போது அதன் நிறத்தையும் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது, சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். இந்த வண்டியின் பழைய பிளக்குகள் நான்கும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன. அதைப் பார்த்திருந்தாலே கோளாறு ஒரு காயிலில் இல்லை, நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும், அது இன்னும் பெரிய செலவு.

கம்ப்ரஷன் பார்க்கும் முறையிலும் பலர் அவசரப்படுகிறார்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடிக்க வேண்டும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு முறை அழுத்தம் ஏறும் வரை செல்ஃப் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம். மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. ஒன்று குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது). பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஹெட் கேஸ்கெட் என்ற சொல்லைச் சொல்லி நிறையப் பேரைப் பயமுறுத்துகிறார்கள். ஆயில் மூடியின் அடியில் வெள்ளை நுரை இருப்பதை மட்டும் வைத்து இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். குளிரில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதம் தேங்கியும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்தது போல இருந்தால் அது வேறு. சந்தேகம் இருந்தால் கூலன்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதிக்கச் சொல்லுங்கள், கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநிலைக்கு மேல் போன நீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, திறந்தால் முகத்தில் பாயும்.

வாங்கும்போதே இதில் பாதியைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்துவைத்திருக்கிறார்கள், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இந்தக் காரும் அன்று சூடாகத்தான் இருந்தது. சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதைத் துண்டித்துவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஸ்கேனரில் கோட் எதுவும் இல்லை என்று மகிழ்வதற்கு முன் ரெடினஸ் மானிட்டர்களை (கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுபவை) பாருங்கள். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் யாரோ கோட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரவெல்லாம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போது நீலப் புகை ஒரு கொத்தாக வந்து மறைந்தால் வால்வு சீல், இழுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங். குளிர்ந்த காலையில் வரும் வெண்ணிற ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்டும் குறைந்தால்தான் கவலை.

பதினோராவது வாரம் ஹோஸையும் கிராங்க் சென்சாரையும் மாற்றினோம், இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல் ஐந்து நாள் இடைவெளி விட்டு. எது எதைச் சரிசெய்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. ஹோஸ் மாற்றிய அன்று பழைய லாங் டெர்ம் கணக்கை அழித்து, மறுநாள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தபோது நடுக்கம் இல்லை. ஒரு வாரம் ஓடிய பிறகு ஐடிலிங்கில் ட்ரிம் கூட்டல் 3. சென்சார் மாற்றிய பிறகு, மூன்று முறை வேண்டுமென்றே ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, நோட்டில் குறித்தேன். நிற்கவில்லை. மானிட்டர்கள் எல்லாம் முடிந்தது என்று காட்டிய பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்த ஹோஸின் வயதுதான் மற்ற ரப்பர் குழாய்களுக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸை மடித்துப் பார்த்தபோது அதிலும் மெல்லிய கீறல்கள் தெரிந்தன, அதையும் அடுத்த வாரமே மாற்றியாயிற்று.